வரவில்லை, வராது

சென்ற ஆண்டு ஈப்போவில் நண்பன் ஒருவனின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது எதிர் நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்து, "அண்ணா, ஞாபகம் இருக்கா?" என்றாள். பல்கலைக்கழகத்தில் எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது. இப்போது ஷா ஆலாமில் ஒரு லாரி போக்குவரத்துக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. மாதக் கடைசி எப்படி உயிரை எடுக்கும் என்று சொன்னாள். சரக்கின் எடை, போகும் தூரம், வாடிக்கையாளர் பழையவரா புதியவரா என்று எல்லாவற்றையும் பார்த்துக் கட்டணம் போடும் எக்செல் ஷீட் ஒன்றை அவளே செய்திருக்கிறாள். "ஒரு இஃப்புக்குள்ள ஆறு இஃப் போட்டு எழுதியிருக்கேண்ணா. ஆபிஸ்ல என்னைத் தவிர யாரும் அதைத் தொட மாட்டாங்க."

பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க அப்பவே உண்மையச் சொன்னது நல்லதாப் போச்சு. இல்லன்னா அந்தக் கோர்ஸ்லயே கிடந்து நாலு வருசத்த வீணாக்கியிருப்பேன். எனக்கு புரோகிராமிங்லாம் வராதுண்ணா."

நான் தலையாட்டிவிட்டு ரசம் கேட்டேன். அன்றிரவு கோலாலம்பூருக்குத் திரும்பி வரும்போது நெடுஞ்சாலை முழுக்க அந்த நன்றிதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் திட்டியிருந்தால்கூட பதில் சொல்லிச் சமாளித்திருப்பேன். நன்றிக்கு என்ன சொல்வது?

*

அவளிடம் நான் என்ன சொன்னேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் எந்த இஞ்சினியரிங் எடுத்தாலும் முதல் வருடம் சி மொழியில் புரோகிராமிங் கட்டாயப் பாடம். 'நிரலாக்கம்' என்று நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. ஆனால் பயந்தபோது நாங்கள் யாரும் நிரலாக்கம் என்று சொல்லிப் பயப்படவில்லை. இந்திய மாணவர்களில் நிறையப் பேர் அந்தப் பாடத்தில் விழுவார்கள் என்பதால், மூன்றாம் வருட சீனியர்கள் சிலர் சனிக்கிழமைகளில் ஜூனியர்களுக்கு டியூஷன் எடுத்தோம். அவள் ஆறு வாரம் தவறாமல் வந்தாள். கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பாள். மிட்-செமஸ்டரில் முப்பதுக்கு ஆறு.

மார்க் வந்த அன்று நூலகத்துக்குக் கீழே நின்று கேட்டாள்: "அண்ணா, எனக்கு இது வருமா?"

மூன்று வினாடி யோசித்திருப்பேன். "உண்மையச் சொல்லணும்னா, உனக்கு இது வராதும்மா. சில பேருக்கு மண்டை இதுக்குன்னு இருக்காது. கடன் ஏறுறதுக்கு முன்னாடி இப்பவே கோர்ஸ் மாத்திக்க."

சொன்னபோது என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. மற்ற சீனியர்கள்போல் 'ட்ரை பண்ணு, வரும்' என்று பூசி மெழுகாமல் நேராகப் பேசினேன் என்று நினைத்துக்கொண்டேன். செமஸ்டர் முடிந்ததும் அவள் வேறு துறைக்கு மாறிப் போனாள்.

'சில பேருக்கு மண்டை இருக்காது' என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. எங்கள் லெக்சரர் முதல் வகுப்பிலேயே வெள்ளைப்பலகையில் இரண்டு குன்றுகளை வரைந்தார். ஒரு குன்று தேறுகிறவர்கள், இன்னொன்று விழுகிறவர்கள். நடுவில் யாரும் இருக்க மாட்டார்கள், வருடா வருடம் மார்க் இப்படித்தான் விழுகிறது என்றார். கெட்ட மனிதர் அல்ல. பல வருடம் பார்த்ததைச் சொல்கிறேன் என்றுதான் அவரும் நம்பியிருப்பார். தேறிய எங்களுக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. பிடிக்காமல் எப்படி இருக்கும்? நாங்கள் நல்ல குன்றில் இருந்தோம்.

*

அந்த இரட்டைக் குன்றுக்கு ஒரு வரலாறு இருப்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு, கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு, புரோகிராமிங் கற்பது பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

2006-இல் லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சயீத் தெஹ்னாதியும் ரிச்சர்ட் போர்னாட்டும் ஒரு கட்டுரையை இணையத்தில் சுற்றுக்கு விட்டார்கள். 'ஒட்டகத்துக்கு இரண்டு திமில்' என்பது அதன் தலைப்பு. மதிப்பெண் வரைபடம் இரட்டைத் திமிலாக இருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். தெஹ்னாதி செய்த சோதனை எளிமையானது. இதுவரை புரோகிராமிங் படிக்காத மாணவர்களிடம், பாடம் தொடங்கும் முன்பே ஒரு கேள்வித்தாள் கொடுப்பார். அதில் இப்படி இருக்கும்:

ஏ = 10
பி = 20
ஏ = பி

இப்போது ஏ எவ்வளவு, பி எவ்வளவு?

படித்தவர்களுக்கு விடை தெரியும்: இரண்டுமே 20. பி-யில் இருக்கும் மதிப்பு ஏ-க்குள் போய் உட்காரும், ஏ-யில் இருந்த 10 அழிந்துபோகும். படிக்காதவருக்கு இது தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இடமிருந்து வலமாகப் போகிறது என்று ஒருவர் நினைக்கலாம், இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன என்று இன்னொருவர் நினைக்கலாம். விடை சரியா என்று தெஹ்னாதி பார்க்கவில்லை. எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே விதியை ஒரு மாணவர் விடாமல் பயன்படுத்துகிறாரா என்று பார்த்தார். அப்படிச் செய்தவர்கள் பெரும்பாலும் பாடத்தில் தேறினார்கள், கேள்விக்குக் கேள்வி விதியை மாற்றியவர்களும் விடை எழுதாமல் விட்டவர்களும் பெரும்பாலும் விழுந்தார்கள் என்றது கட்டுரை. அதாவது, சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே ஆட்டையும் மாட்டையும் பிரித்துவிடலாம்.

கட்டுரை உலகம் முழுக்கச் சுற்றியது. பிறகு பல கல்லூரிகளில் அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். ஒரே விதியைப் பின்பற்றியவர்களுக்குத் தேறும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். ஆட்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்கும் கோடு எதுவும் கிடைக்கவில்லை.

2014-இல் போர்னாட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக வெளிப்படையாக எழுதினார். மாணவர்களை இரண்டாகப் பிரிக்கும் வழி எதையும் தெஹ்னாதி கண்டுபிடிக்கவில்லை என்றார். அதை எழுதிய காலத்தில் மனச்சோர்வுக்கு எடுத்த மருந்து தன்னை நிதானமில்லாத ஆளாக்கியிருந்தது என்பதையும் மறைக்கவில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது அதில் வரும் வேறொரு விஷயம். சிலரால் புரோகிராமிங் கற்கவே முடியாது என்று தான் நம்ப விரும்பியதற்கு ஒரு காரணம் இருக்கலாம் என்கிறார்: அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் தான் அத்தனை முறை தோற்றுப்போனதற்கு அது விளக்கமாக இருந்திருக்கும்.

அதைப் படித்தபோது கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஆறு சனிக்கிழமை சொல்லிக்கொடுத்தும் ஒருத்திக்குப் புரியவில்லை. அதற்கு இரண்டு விளக்கங்கள் சாத்தியம். நான் மூன்றே வினாடியில் எனக்கு வலிக்காத விளக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

*

சரி, சோதனை பொய்யாகட்டும், அந்த இரண்டு குன்றாவது உண்மையா? லெக்சரர் கண்ணால் பார்த்ததாயிற்றே.

2016-இல் எலிசபெத் பாட்டிட்சாஸும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் கனடாவின் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் கணினித்துறை வகுப்புகளின் இறுதி மதிப்பெண் பட்டியல்களை எடுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 778 பட்டியல்கள். புள்ளியியல் சோதனைப்படி ஒன்றுக்கு மேற்பட்ட குன்று இருந்தவை 5.8 விழுக்காடு மட்டுமே. அப்படியானால் ஆசிரியர்கள் எதைப் பார்த்துவிட்டு இரண்டு குன்று என்கிறார்கள்? இதையும் சோதித்தார்கள். 53 கணினிப் பேராசிரியர்களிடம் இப்படியும் அப்படியும் சொல்ல முடியாத வரைபடங்களைக் காட்டி, இதில் இரண்டு குன்று இருக்கிறதா என்று கேட்டார்கள். பாதிப் பேருக்கு, கணினி மதிப்பெண்கள் இரண்டு குன்றாக விழும் என்ற பேச்சை முன்கூட்டியே நினைவூட்டினார்கள். அவர்கள் கண்ணுக்கு இரண்டு குன்று அதிகம் தெரிந்தது. சிலர் பிறவியிலேயே இதற்குப் பொருத்தமானவர்கள் என்று நம்பிய பேராசிரியர்களின் கண்ணுக்கும் அப்படியே.

நம்பிக்கையை ஆதாரத்திலிருந்து பெறுகிறோம் என்றுதான் அறிவியல் படித்த நாம் நினைக்கிறோம். இங்கே நம்பிக்கைதான் ஆதாரத்தைக் கண்ணுக்குக் காட்டியிருக்கிறது.

உண்மையாகவே எங்காவது இரண்டு குன்று விழுந்தாலும், அதற்கு மண்டைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்டனி ராபின்ஸ் 2010-இல் வேறொரு விளக்கம் சொன்னார். புரோகிராமிங்கில் ஒவ்வொரு கருத்தும் முந்தைய கருத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. முதல் விஷயம் பிடிபட்டால் இரண்டாவது சுலபம், பிடிபடாவிட்டால் இரண்டாவது இன்னும் கஷ்டம். ஒரே திறமை உள்ள இரண்டு பேர்கூட, இரண்டாவது வாரத்தில் ஒருவர் தடுக்கி விழுந்ததால், பதினான்காவது வாரத்தில் வேறு வேறு குன்றில் நிற்கலாம். எங்கள் வீட்டில் நான் படிவம் ஒன்று படிக்கும்போதே கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அவள் முதன்முதலில் சொந்தமாகத் தொட்ட லேப்டாப், கல்விக் கடன் பணத்தில் வாங்கியது. கோப்பை எந்த ஃபோல்டரில் சேமித்தோம் என்று தேடுவதிலேயே அவளுக்கு முதல் இரண்டு லேப் வகுப்பு போய்விட்டது. அது எனக்குத் தெரியும், நான் பக்கத்தில்தான் இருந்தேன். அதை நான் மண்டைக் கணக்கில் எழுதினேன்.

*

தொடக்க மாணவர்கள் உண்மையில் எங்கே தடுக்குகிறார்கள் என்பது பற்றி ஆராய்ச்சியாளர்களே ஒருமுறை தடுக்கியிருக்கிறார்கள். 2001-இல் மெக்ராக்கன் தலைமையிலான குழு, நான்கு பல்கலைக்கழகங்களில் முதல் பாடத்தை முடித்த 216 மாணவர்களிடம் ஒரு கால்குலேட்டர் செய்யும் நிரலை எழுதச் சொன்னது. 110 மதிப்பெண்ணுக்குக் கிடைத்த சராசரி 22.89. மாணவர்களுக்குச் சிக்கலைத் தீர்க்கும் திறன் இல்லை என்று பலரும் பேச ஆரம்பித்தார்கள். 2004-இல் லிஸ்டர் தலைமையிலான இன்னொரு குழு அதற்கும் அடியில் போய் ஒரு கேள்வி கேட்டது: எழுதுவது இருக்கட்டும், எழுதியிருப்பதை இவர்களால் படிக்க முடிகிறதா? ஏழு நாட்டு மாணவர்களிடம் சின்னச் சின்ன நிரல்களைக் கொடுத்து, இது ஓடினால் என்ன வரும் என்று கேட்டார்கள். நிறையப் பேரால் வரி வரியாகப் பின்தொடர முடியவில்லை. தமிழ்ப்பள்ளியில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளையிடம் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு, இவனுக்குக் கற்பனை வளம் இல்லை என்று சொன்ன கதைதான்.

படிப்பதில் என்ன கஷ்டம்? '=' என்ற ஒற்றைக் குறியே போதும். பதினொரு வருடம் பள்ளிக்கூடத்தில் அது 'சமம்' என்று படித்துவிட்டு வருகிறோம். இங்கே வந்தால் ஏ = ஏ + 1 என்று இருக்கிறது. கணக்கில் நல்லவனுக்குத்தான் இது முதலில் அபத்தமாகத் தெரியும். இன்னொன்றை ராய் பீ 1986-இலேயே சொல்லியிருக்கிறார்: நாம் என்ன நினைக்கிறோம் என்பதைப் புரிந்துகொள்ளும் ஒரு மனம் கணினிக்குள் ஒளிந்திருப்பதாகத் தொடக்க மாணவர்கள் தங்களை அறியாமலேயே எண்ணிக்கொள்கிறார்கள். மனிதர்களோடு பேசியே வளர்ந்தவர்களுக்கு அது இயல்புதானே.

இதைப் படித்ததும் எனக்கு என் ரூம்மேட் ஞாபகம் வந்தது. கிளந்தான்காரன், மலாய்க்காரன். முதல் செமஸ்டரில் ஒரு இரவு என்னை உட்கார வைத்து, லேப்டாப்பை மூடிவிட்டு, தாளில் பெட்டி பெட்டியாக வரைந்தான். ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரு பெட்டி. "இப்போ நீதான் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் போடோ. எழுதினத மட்டும்தான் செய்யும், உன் மனசுல உள்ளது அதுக்குத் தெரியாது" என்று மலாயில் சொல்லிச் சொல்லி, வரி வரியாகப் பெட்டிக்குள் எண்ணை அடித்துத் திருத்தச் சொன்னான். ராய் பீயை அவன் படித்திருக்க வாய்ப்பே இல்லை. இரண்டு வாரத்தில் எனக்கு ஏதோ திறந்துகொண்டது.

அவன் ஏன் என்னை உட்கார வைத்தான்? மிட்-செமஸ்டரில் நான் முப்பதுக்குப் பதினொன்று.

இதை நான் மறந்தே போயிருந்தேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே மறந்துவிட்டேன். அவளிடம் 'மண்டை இருக்காது' என்று சொன்ன அன்று, எனக்கு இது இயல்பாகவே வந்தது என்ற கதையில்தான் இருந்தேன். அவளுக்கு நான் ஒரு பெட்டிகூட வரைந்து காட்டவில்லை.

*

அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன். தமிழில் திறமையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் நாம் எழுவாயாக இருப்பதில்லை. 'எனக்குப் பாட்டு வரும்', 'அவனுக்குக் கணக்கு வராது.' பாட்டும் கணக்கும்தான் விருந்தாளிபோல் வருகின்றன அல்லது வராமல் போகின்றன. நாம் வாசலில் நிற்கிறோம். அந்த வாக்கியத்தில் சொல்லிக்கொடுத்தவன் எங்கேயும் இல்லை, எத்தனை நாள் சொல்லிக்கொடுத்தான் என்பதும் இல்லை.

அதோடு, 'எனக்கு நீச்சல் வராது' என்பது இன்றைய நிலைமை. 'இன்னிக்கு மழை வராது' என்பது இனி நடக்கப் போவதைப் பற்றிய ஊகம். சொல் ஒன்றுதான். 'உனக்கு இது வராது' என்று நான் சொன்னபோது, இதுவரை வரவில்லை என்ற தகவலும், இனி எப்போதும் வராது என்ற தீர்ப்பும் ஒரே சொல்லில் சேர்ந்து போய்விட்டன. தகவலுக்கு என்னிடம் ஆதாரம் இருந்தது, முப்பதுக்கு ஆறு. தீர்ப்புக்கு எதுவும் இல்லை. ஆனால் கேட்கிறவர் இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார்.

அப்படியென்றால் எல்லாரிடமும் 'உன்னால முடியும்' என்று சொல்லிவிடலாமா? இதை என் சக பொறியாளர் ஒருவரிடம் பேசியபோது அவர் கோபமாகவே கேட்டார். "ஏன்டா, தோட்டத்துலருந்து வர்ற புள்ள. நாலு வருசம் கடன் வாங்கிப் படிச்சு, கடைசியில டிகிரி இல்லாம வெளிய வந்தா அந்தக் கடன நீ கட்டுவியா?" நியாயமான கேள்வி. 15 நாடுகளில் 161 அறிமுக வகுப்புகளைத் தொகுத்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் சராசரித் தேர்ச்சி 67.7 விழுக்காடு. மூன்றில் ஒருவர் தேறவில்லை. எந்த ஊக்கப் பேச்சும் இந்த எண்ணை மாற்றாது. எல்லாருக்கும் எல்லாம் சாத்தியம் என்பதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை. அதுவும் மூன்று வினாடியில் சொல்லிவிடக்கூடிய இன்னொரு வாக்கியம்தான்.

எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான். அவளிடம் சொல்லக்கூடிய உண்மைகள் நிறைய இருந்தன. 'இந்த வேகத்தில் போனால் இந்த செமஸ்டர் தேறுவது கஷ்டம்.' 'நீ இரண்டாவது வாரத்திலேயே ஒரு இடத்தில் விட்டிருக்கிறாய், அங்கிருந்து மறுபடி தொடங்க வேண்டும், அதற்கு நேரம் ஆகும்.' 'கடன், குடும்பம் எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்து, துறை மாறுவது உனக்குச் சரியென்று பட்டால் அதில் கேவலம் இல்லை.' எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொன்று: 'நான் சொல்லிக்கொடுத்த விதத்தில் உனக்கு இன்னும் வரவில்லை.' இந்தக் கடைசி வாக்கியத்தில் நானும் இருக்கிறேன், என் தோல்வியும் இருக்கிறது. அதனால்தான் அன்றைக்கு அது என் வாயில் வரவில்லை. இவற்றைக் கேட்டுவிட்டும் அவள் துறை மாறியிருக்கலாம். அந்த முடிவு அவளுடையதாக இருந்திருக்கும், அவளைப் பற்றிய பொய் ஒன்றை அவள் கூடவே எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டியதில்லை.

அவள் இன்று நன்றாக இருக்கிறாள் என்பது என்னை விடுவிக்காது. குருட்டாம்போக்கில் வழி சொன்னவன், கேட்டவர் எப்படியோ நல்ல ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதால் வழி தெரிந்தவன் ஆகிவிட மாட்டான்.

*

கல்யாணம் முடிந்து சில வாரம் கழித்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். நாலைந்து முறை அடித்து அழித்த பிறகு அனுப்பினேன். அன்றைக்கு நான் சொன்னதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை, எனக்கும் முதலில் வரவில்லை, ஒருத்தன் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான், அதை உனக்கு நான் செய்யவில்லை என்று. ஒரு இஃப்புக்குள் ஆறு இஃப் போட்டு, எது முதலில், எது அடுத்து என்று வரிசைப்படுத்தி நீ எழுதியிருக்கிறாயே, அதற்குப் பெயர்தான் புரோகிராமிங் என்றும் எழுதினேன்.

இரண்டு நீல டிக் உடனே வந்தது. பதில் வர ராத்திரி ஆனது. முதலில் ஒரு சிரிக்கும் பொம்மை. அதன் கீழே:

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதீங்கண்ணா. அது வெறும் எக்செல். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அவளுக்கு என்ன பதில் எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை. போன வாரம் எங்கள் ஆபிஸுக்கு இன்டர்ன் ஒருவன் புதிதாக வந்திருக்கிறான். இரண்டாவது நாளே, "பிரதர், எனக்கு கோடிங் அவ்வளவா வராது" என்றான். லேப்டாப்பை மூடச் சொல்லிவிட்டு, பிரிண்டரிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பெட்டி வரைந்தேன்.